எபிரேயச் சுவடிகளை இயந்திரக் கற்றலால் பெயர்த்தெழுதுதல்: முழுமையான வழிகாட்டி

பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில், தேய்ந்துபோன எழுத்துகளை அழிக்காமல் போட்டுவைக்கும் கெனிசா என்ற அறை இருந்தது. அங்கிருந்து சாலமன் ஷெக்டர் 1897இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொண்டு சேர்த்த சுவடித் துண்டுகள் மட்டுமே 1,90,000க்கு மேல். எருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகம், உலகெங்கும் சிதறிக் கிடக்கும் எபிரேயச் சுவடிகளின் படங்களைக் 'க்தீவ்' என்ற தளத்தில் ஒருங்கே திரட்டி வருகிறது. படங்கள் இவ்வாறு குவிந்துவிட்டாலும், சொல்லைத் தட்டச்சு செய்து தேடக்கூடிய பாடமாக மாறியிருப்பவை அவற்றில் சிறு பகுதிதான். அந்த இடைவெளியைக் குறைக்க இயந்திரக் கற்றலை எவ்வாறு பயன்படுத்துவது என்பதைத் தொடக்கம் முதல் ஏற்றுமதி வரை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சுவடியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்லவே இயந்திரத்தைப் பழக்குகிறோம். என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல அல்ல. கீழே வரும் ஒவ்வொரு படியிலும், எந்த அமைப்பைத் தேர்ந்தாலும், இந்த வேறுபாட்டைக் காப்பாற்றும் தேர்வு எது என்பதே என் அளவுகோல்.

முதற்படி: சுவடியை அறிதல்

எபிரேய எழுத்துகள் 22. அவற்றுள் காப், மேம், நூன், பே, சாதே ஆகிய ஐந்துக்கும் சொல்லின் இறுதியில் வேறு வடிவம் உண்டு. தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தின் பகுதித் தலைப்புகளைக் கவனித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. எழுத்துகள் குறைவு என்பதால் வேலை எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அஷ்கெனாசி (ஜெர்மனி வட்டார யூதர்), செபராதி (ஸ்பெயின் வட்டார யூதர்), இத்தாலிய, பைசாந்திய, கீழைநாட்டு, ஏமன் மரபுகள் என்று எழுதும் முறை இடத்துக்கு இடம் வேறுபடும். ஒவ்வொரு மரபுக்குள்ளும் சதுர எழுத்து, அரைக்கூட்டெழுத்து, கூட்டெழுத்து என்ற வகைகள் உண்டு. செபராதி சதுர எழுத்தில் பழகிய மாடலுக்கு (பயிற்சியால் படிக்கக் கற்ற நிரலுக்கு) அஷ்கெனாசிக் கூட்டெழுத்தைக் கொடுத்தால் பயன்படுத்த முடியாத விடைதான் வரும். ஆகவே நூலகப் பட்டியலில் உங்கள் சுவடி எந்த மரபு, எந்த நூற்றாண்டு, எந்த வகை என்று முதலில் பாருங்கள். எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதையும், முடிந்தவரை, ஏடுகளைப் புரட்டிக் கண்டறியுங்கள். நடுவில் கை மாறினால் பயிற்சிப் பக்கங்களையும் இரு கைகளிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கும்.

மொழியையும் பாருங்கள். எபிரேய எழுத்தில் இருப்பதெல்லாம் எபிரேய மொழி அல்ல. கெனிசாவின் வணிகக் கடிதங்களில் பெரும்பாலானவை எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் தாள்களில் கணிசமானவை அப்படிப்பட்டவையே. அவற்றில் சில எழுத்துகளின் மேல் இடப்படும் புள்ளிகள் அரபு ஒலிகளைக் காட்டுபவை. எபிரேய உயிர்க்குறிகளாக அவற்றைக் கொள்ளலாகாது.

இரண்டாம் படி: படங்கள்

பெரும்பாலான நூலகங்கள் இன்று படங்களை டிரிபிள்-ஐ-எஃப் என்ற பொது நெறியில் தருகின்றன. அந்த முகவரி ஒன்று கிடைத்தால் முழுச் சுவடியையும் மென்பொருளுக்குள் நேரடியாக இழுத்துக்கொள்ளலாம். கையெழுத்தைப் படிக்கும் கிராக்கன் என்ற மென்பொருளின் வழக்கமான அமைப்பு ஒவ்வொரு வரியையும் 120 பிக்சல் உயரத்துக்கு மாற்றியே படிக்கிறது. எனவே மூலப்படத்தில் ஒரு வரியின் உயரம் அதைவிட மிகக் குறைந்திருந்தால் பெரிதாக்குவதால் புதிய விவரம் எதுவும் கிடைக்காது.

க்தீவ் தளத்தில் வண்ணப் படங்களோடு பழைய நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருள்களிலிருந்து ஸ்கேன் செய்த கறுப்புவெள்ளைப் படங்களும் கலந்திருக்கின்றன. சுவடிகளை நுண்படமெடுக்கும் நிறுவனம் 1950இலேயே தொடங்கியதன் பயன் அது. வண்ணப் படங்களில் மட்டும் பழகிய மாடல் நுண்படத்தில் தடுமாறும். உங்கள் சுவடிக்கு இருப்பது நுண்படம்தான் என்றால் பயிற்சியும் நுண்படத்தில்தான் நடக்க வேண்டும். சாக்கடல் சுருள்களுக்கு நிலைமை வேறு: இஸ்ரேல் தொல்பொருள் ஆணையம் 2012இல் திறந்த லியோன் லெவி மின்னூலகத்தில் அகச்சிவப்புப் படங்களும் உண்டு; கறுத்துப்போன தோலில் கண்ணுக்குத் தெரியாத கரி மை அவற்றில் தெளிவாகத் தெரியும். வண்ணப் படம் அழகாக இருந்தாலும் படிப்பதற்கு அகச்சிவப்பையே எடுங்கள்.

படத்தைப் பயன்படுத்த நூலகம் எந்த உரிமத்தைத் தருகிறது என்பதை இப்போதே குறித்துவையுங்கள்; கடைசியில் பயிற்சித் தரவைப் பகிரும்போது அது தேவைப்படும்.

மூன்றாம் படி: பெயர்த்தெழுதும் விதிகள்

அவசரப்படுபவர்கள் தாண்டிச் செல்லும் படி இது. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பெற வேண்டியதும் இதுதான். இயந்திரம் விதியைக் கேட்டுக் கற்பதில்லை, நீங்கள் தட்டச்சு செய்ததைப் பார்த்துக் கற்கிறது. ஒரே குறியை ஒரு பக்கத்தில் ஒருவிதமாகவும் மறு பக்கத்தில் வேறுவிதமாகவும் எழுதினால் இரண்டையும் மாற்றி மாற்றி அது தரும். பிறகு எத்தனை மணி நேரம் பயிற்சி தந்தாலும் பிழை விகிதம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது.

சொற்சுருக்கத்தைக் காட்ட எழுத்தர்கள் இடும் சிறு கோட்டை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் இதற்கென்றே கெரெஷ், கெர்ஷாயிம் என்ற குறிகள் உண்டு. ஆனால் விசைப்பலகையில் எளிதில் அகப்படுவது ஆங்கில ஒற்றை, இரட்டை மேற்கோள் குறிகள். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு எழுத்துகள். இருவர் சேர்ந்து பெயர்த்தெழுதி, ஒருவர் கெரெஷும் மற்றவர் மேற்கோள் குறியும் இட்டிருந்தால், கண்ணுக்குப் புலப்படாத இந்த முரண் பயிற்சி முழுவதையும் கெடுத்துவிடும். சொற்களை இணைக்கும் மக்காப் குறிக்கும் சாதாரண இணைகோட்டுக்கும் இடையில் உள்ள சிக்கலும் இதுவே. எந்தெந்த எழுத்துக்குறிகள் அனுமதிக்கப்பட்டவை என்று ஒரு பட்டியல் எழுதிவைத்து, அதில் இல்லாத எதுவும் கோப்பில் வந்திருக்கிறதா என்று பயிற்சிக்கு முன் சரிபாருங்கள். உயிர்க்குறிகளைச் சேர்த்து எழுதுவதாக இருந்தால் யூனிகோட் சீராக்கத்தையும் (ஒரே எழுத்தைப் பலவிதமாகச் சேமிக்காமல் ஒழுங்குபடுத்துவதையும்) ஒரே வடிவில் வையுங்கள். ஓர் எழுத்தின் கீழும் உள்ளும் வரும் குறிகள் எந்த வரிசையில் சேமிக்கப்படுகின்றன என்பது கோப்புக்குக் கோப்பு மாறக் கூடாது.

உயிர்க்குறிகளையும் ஓதல் குறிகளையும் சேர்ப்பதா என்பது முதற்பெரும் முடிவு. அவற்றைச் சேர்த்தால் இயந்திரம் வேறுபடுத்த வேண்டிய வடிவங்கள் பெருகும், பயிற்சிப் பக்கங்களும் அதிகம் வேண்டும். முதன்முறை இறங்குபவர்கள் மெய்யெழுத்துகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குறிகளைத் தவிர்த்ததை விதித்தாளில் எழுதிவைத்தால் போதும்.

அடுத்தது வரியின் இறுதி. எபிரேய எழுத்தர்கள் இடப்பக்க ஓரத்தை நேராக வைத்துக்கொள்ளப் பல வழிகளைக் கையாண்டார்கள். சில எழுத்துகளை அகலமாக நீட்டினார்கள். வெற்றிடத்தைச் சிறு கோடுகளால் நிரப்பினார்கள். அடுத்த சொல்லுக்கு இடம் போதாதபோது அதன் முதல் ஓரிரு எழுத்துகளை மட்டும் வரியின் இறுதியில் எழுதி, அடுத்த வரியில் அதே சொல்லை முதலிலிருந்து முழுமையாக எழுதுவதும் வழக்கம். படிப்பவருக்கு அந்த அரைச்சொல் வெறும் நிரப்பி என்று தெரியும். பயிற்சிப் பாடத்தில் அதை விட்டுவிட்டால், மை இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லை என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆவீர்கள். இருப்பதை அப்படியே எழுதுங்கள். நிரப்பி என்பதைப் பின்னர் வேறோர் அடுக்கில் குறிக்கலாம்.

சுருக்கங்களை விரிக்காதீர்கள். இறைவனின் பெயருக்குப் பதிலாக எழுத்தர் இரண்டோ மூன்றோ யோத் எழுத்துகளை இட்டிருந்தால் அவற்றையே எழுதுங்கள். சாக்கடலருகே குமரானின் முதற்குகையில் கிடைத்த ஏசாயாப் பெருஞ்சுருளில் 40ஆம் அதிகாரத்தில் வேறொரு கை வரிக்கு மேலே சேர்த்த பகுதியில் இறைப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 4 புள்ளிகள் மட்டுமே உள்ளன. அங்கே பெயரை நிரப்பிவிட்டால் அந்த எழுத்தரின் அச்சமும் மரபும் நம் கோப்பிலிருந்து மறைந்துபோகும். சிதைந்த இடங்களுக்கும் இதே விதிதான். ஓட்டை விழுந்த இடத்தில் எந்தச் சொல் இருந்திருக்கும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தாலும் பயிற்சிப் பாடத்தில் அது வரக் கூடாது.

நான்காம் படி: பக்கத்தைப் பகுத்தல்

இலவசமாகவும் திறமூலமாகவும் கிடைக்கும் கருவிகளில் எபிரேயத்துக்கு நன்கு ஒத்துழைப்பது கிராக்கன். பெஞ்சமின் கீஸ்லிங் உருவாக்கிய இது வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளைத் தொடக்கத்திலேயே கருத்தில் கொண்டது. கட்டளைகளாக இதை இயக்க விரும்பாதவர்களுக்குப் பாரிஸ் உயர் ஆய்வுப் பள்ளியில் வளர்ந்த ஈஸ்கிரிப்டோரியம் இருக்கிறது; உலாவியில் படத்தையும் பாடத்தையும் அருகருகே வைத்துத் திருத்தலாம். கிராக்கன் லினக்ஸ், மேக் கணினிகளுக்கானது. ஈஸ்கிரிப்டோரியத்தை டாக்கர் என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவலாம், அல்லது ஆய்வு நிறுவனம் ஒன்றின் வழங்கியில் கணக்குக் கேட்கலாம். டிரான்ஸ்கிரிபஸ் என்ற சேவையும் எபிரேயத்தைக் கையாளும். மாடலைக் கையில் எடுத்துச் செல்லவும் பிறருக்குக் கொடுக்கவும் முடியும் என்பதால் நான் கிராக்கனையே பரிந்துரைக்கிறேன்.

ஈஸ்கிரிப்டோரியத்தில் புதிய ஆவணம் தொடங்கும்போது இரண்டு அமைப்புகளை மறக்காதீர்கள். ஒன்று படிக்கும் திசை: வலமிருந்து இடம். இதை விட்டுவிட்டால் இரு பத்திப் பக்கத்தில் இடப்பத்தி முதலில் வந்து பாடம் தலைகீழாகும். மற்றொன்று வரியின் நிலை. லத்தீன் எழுத்துகள் ஒரு கோட்டின் மேல் அமர்கின்றன. எபிரேய எழுத்தர்களோ கீறிய கோட்டிலிருந்து எழுத்துகளைத் தொங்கவிட்டு எழுதினார்கள், தேவநாகரியில் நாம் காண்பது போல. லாமேத் மட்டும் கோட்டைத் தாண்டி மேலே நீளும். இறுதிக் காப், இறுதி நூன், கோப் ஆகியவை கீழே இறங்கும். ஆகவே மேற்கோடு என்ற தேர்வை எடுத்து, வரிக்கோடுகளை எழுத்துகளின் தலையோடு ஒட்டி வரையுங்கள். பகுக்கும் மாடலுக்கு நீங்களே பயிற்சி தரும்போதும் இதே தேர்வைச் சொல்ல வேண்டும். இல்லையேல் லாமேத்தின் தலை வெட்டுப்பட்டு வேறு எழுத்தாகப் படிக்கப்படும்.

வரிகளுக்கு முன் பகுதிகளைப் பெயரிட்டுப் பிரியுங்கள். மசோரா (வேதாகமப் பாடத்தைக் காக்க ஓரங்களில் எழுதிய குறிப்புகள்) மரபு வேதாகமச் சுவடி ஒன்றில் நடுவே மூலம் இருக்கும். பத்திகளுக்கு இடையே சிறு எழுத்தில் சிறு மசோராவும் மேல் கீழ் ஓரங்களில் பெரு மசோராவும் இருக்கும். இவை மூன்றும் ஒரே வரியாகச் சேர்ந்துவிடுவதே பகுத்தலில் அடிக்கடி நேரும் கேடு. உரையோடு கூடிய சுவடிகளில் மூலத்தைச் சுற்றி உரை வளைந்து செல்லும். முதல் சில பக்கங்களைக் கையால் திருத்தி, அவற்றைக் கொண்டு பகுக்கும் மாடலைப் பழக்கிவிட்டால், ஒரே அமைப்புள்ள மீதிப் பக்கங்களில் திருத்த வேண்டியது வெகுவாகக் குறையும். எழுத்து தப்பாக வந்தால் படத்தைப் பார்த்துத் திருத்திவிடலாம். வரியே விடுபட்டுப்போனால் அது விடுபட்டது என்பதே பலருக்குத் தெரியாமல் போகும். அதனால் பக்கத்துக்கு வரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஐந்தாம் படி: அடிப்படை மாடலும் பயிற்சியும்

வெறுமையிலிருந்து ஒரு கையெழுத்து மாடலை உருவாக்கச் சில ஆயிரம் வரிகள் தேவைப்படும். ஏற்கெனவே பழகிய மாடலிலிருந்து தொடங்கினால் சில பக்கங்களே பெரிய மாற்றம் தரும். இடைக்கால எபிரேயச் சுவடிகளுக்காக டேனியல் ஸ்டோக்கல் பென் எஸ்ராவும் உடனுழைத்தவர்களும் 2021இல் வெளியிட்ட பிப்லியா தரவுத் தொகுப்பும் மாடல்களும் செனோடோ களஞ்சியத்தில் கிடைக்கின்றன. உங்கள் சுவடியின் மரபுக்கு நெருங்கிய மாடலை எடுத்து, மூன்று நான்கு பக்கங்களில் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு அந்தப் பக்கங்களைத் திருத்தி, அவற்றைக் கொண்டு மாடலை மேலும் பழக்கி, புதிய மாடலை அடுத்த பக்கங்களில் ஓட்டித் திருத்தி, மறுபடியும் பழக்குங்கள். பயிற்சிப் பக்கங்களைச் சுவடியின் தொடக்கத்திலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலிருந்தும் இறுதியிலிருந்தும், மங்கிய பக்கங்களிலிருந்தும் எடுங்கள். உங்கள் எழுத்துப் பட்டியல் அடிப்படை மாடலின் பட்டியலிலிருந்து வேறுபட்டால், அதற்கேற்ப மாடலின் எழுத்துத் தொகுதியை மாற்றும் தேர்வைப் பயிற்சியின்போது தர வேண்டும். ஜிபியு என்ற வரைகலைச் செயலி உள்ள கணினியில் இது மணிக்கணக்கில் முடியும். இல்லாத கணினியில் நாட்கணக்கில் நீளும்.

நீங்கள் பெயர்த்தெழுதும் நூலின் வேறொரு பாடம் ஏற்கெனவே மின்வடிவில் இருந்தால், அதை இயந்திரத்தின் முதற்பாடத்தோடு வரிவரியாகப் பொருத்தித் தட்டச்சு வேலையைக் குறைக்கலாம்; ஈஸ்கிரிப்டோரியத்தில் பாசிம் என்ற கருவி இதைச் செய்கிறது. பயனுள்ள வழிதான். ஆனால் பொருத்திய பாடம் அச்சுப் பதிப்பின் பாடம் என்பதை மறவாமல், ஒவ்வொரு வரியையும் படத்தோடு ஒப்பிட்ட பின்னரே பயிற்சிக்குக் கொடுங்கள்.

மாடல் எழுத்து வடிவங்களை மட்டுமல்ல, எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற வழக்கத்தையும் சேர்த்தே கற்கிறது. வேதாகமப் பாடத்தில் மட்டும் பழகிய மாடல், மங்கலான இடத்தில் வேதாகமச் சொற்றொடரை நோக்கிச் சாயும். மித்ராஷ் (வேதாகம விளக்கம்), தல்மூத் (யூதச் சட்ட விவாதத் தொகுப்பு), கடிதம் என்று பலவகை நூல்களைக் கலந்து பழக்குவதே இதற்கு மருந்து.

ஆறாம் படி: அளத்தல்

பயிற்சியில் காட்டாத பக்கங்கள் சிலவற்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள். அவற்றில் இயந்திரம் தந்த பாடத்தை உங்கள் பாடமாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பதை மொத்த எழுத்துகளால் வகுத்தால் எழுத்துப் பிழை விகிதம் கிடைக்கும். 30 வரியும் வரிக்கு 40 எழுத்தும் உள்ள பக்கத்தில் 1,200 எழுத்துகள். 5 விழுக்காட்டுப் பிழை என்றால் பக்கத்துக்கு 60 பிழைகள், அதாவது வரிக்கு இரண்டு. 1 விழுக்காடு என்றால் 12. தேடுவதற்கு முதலாவது போதும், பதிப்பிப்பதற்கு இரண்டாவதும் போதாது.

விகிதத்தோடு நிற்காமல் எந்த எழுத்து எதுவாகப் படிக்கப்படுகிறது என்ற குழப்பப் பட்டியலைப் பாருங்கள். தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஹேத்தும், வாவும் யோத்தும், பேத்தும் காப்பும், சில கைகளில் சாமேக்கும் இறுதி மேமும் அதில் முன்னிற்கும். தாலெத்தின் வலது மேல் மூலையில் சிறு துருத்தல் இருக்கும், ரேஷின் மூலை வளைந்திருக்கும். பேனாவின் முனை தேய்ந்திருந்தால் அந்தத் துருத்தலும் மறைந்துவிடும். இது இயந்திரத்துக்கு மட்டும் உரிய தடுமாற்றம் அல்ல. ஆதியாகமம் 10:4இல் எபிரேய மூலம் தோதானீம் என்று சொல்லும் மக்களை 1 நாளாகமம் 1:7 ரோதானீம் என்கிறது. பழைய எழுத்தர்களுக்கும் அதே மூலையில்தான் சிக்கல். இத்தகைய இடத்தில் இயந்திரத்தின் பிழை எழுத்தரின் பாடபேதமாகத் தோன்றும். எழுத்தரின் பாடபேதம் இயந்திரத்தின் பிழையாகத் தோன்றும். பட்டியலில் முன்னிற்கும் எழுத்து இணைகளை முழுப்பாடத்திலும் தேடி, படத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஏழாம் படி: முழுச் சுவடியும் திருத்தமும்

மாடல் நிலைபெற்றதும் முழுச் சுவடியிலும் ஓட்டுங்கள். திருத்தப் பலர் சேர்வது நன்று. ஹைஃபா பல்கலைக்கழகமும் பாரிஸ் உயர் ஆய்வுப் பள்ளியும் இஸ்ரேல் தேசிய நூலகமும் சேர்ந்து நடத்திய திக்குன் சோஃப்ரிம் திட்டத்தில், மித்ராஷ் தன்ஹூமாச் சுவடிகளின் இயந்திரப் பாடத்தை ஆர்வலர்கள் வரிவரியாகத் திருத்தினார்கள்; ஒரே வரியைப் பலர் திருத்தி, அவற்றை ஒப்பிட்டு முடிவெடுக்கும் முறை அது. தேர்ந்த அறிஞர் அல்லாதவரும், எழுத்தை அறிந்திருந்தால், இதில் உண்மையான பங்காற்ற முடியும்.

இப்போதைய பெரிய மொழி மாடல்களிடம் கொடுத்துப் பிழை திருத்தச் சொல்வது பலருக்கும் வரும் ஆசை. நான் அதைக் கடுமையாக எதிர்க்கிறேன். தாவீதின் பெயர் சாமுவேல் நூல்களில் பெரும்பாலும் யோத் இன்றியும் நாளாகமத்தில் யோத்தோடும் எழுதப்படுகிறது. ஏசாயாப் பெருஞ்சுருள் சிறு சொற்களில்கூட வழக்கத்துக்கு மேல் வாவும் ஆலெப்பும் சேர்த்து எழுதுகிறது. சுவடி எங்கே, எப்போது, எந்த மரபில் எழுதப்பட்டது என்பதற்கு இத்தகைய எழுத்துமுறைகளே சான்று. மொழி மாடலுக்கோ இவை சீராக்க வேண்டிய பிழைகளாகத் தெரியும். அது தரும் வரி சரளமாக இருக்கும், அதனாலேயே எவரும் ஐயப்பட மாட்டார்கள். ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்ட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மாற்றும் கை படத்தைப் பார்க்கும் மனிதருடையதாக இருக்கட்டும்.

எட்டாம் படி: ஏற்றுமதியும் பகிர்வும்

வெறும் உரைக்கோப்பாக மட்டும் வெளியேற்றாதீர்கள். ஆல்டோ அல்லது பேஜ் வடிவக் கோப்பில் ஒவ்வொரு வரியும் படத்தில் எங்கே இருக்கிறது என்ற ஆயங்களும் சேர்ந்து நிற்கும். பத்தாண்டு கழித்து ஒருவர் ஓர் எழுத்தை ஐயுற்றால் அந்த இடத்துக்கே போய்ப் பார்க்கலாம். இயந்திரப் பாடம், திருத்திய பாடம், விரித்தெழுதிய பாடம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வையுங்கள். திசை சார்ந்த சிக்கல் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வெளிப்படும்: அடைப்புக்குறிகளும் எண்களும் வரியின் மறுமுனைக்குத் தாவியிருக்கலாம், ஆகவே வெளியேற்றிய கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து ஒரு பக்கமாவது படித்துப் பாருங்கள்.

மாடலையும் பயிற்சிப் பாடத்தையும் செனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் இடுங்கள். சுவடியின் நூலக எண், பயிற்சிக்கு எடுத்த பக்கங்கள், ஒதுக்கிவைத்த பக்கங்களில் கிடைத்த பிழை விகிதம், பட உரிமம், மூன்றாம் படியில் எழுதிய விதித்தாள் ஆகிய ஐந்தும் உடன் இருக்க வேண்டும். உயிர்க்குறிகளை விட்டுவிட்டீர்களா, சுருக்கக் குறிக்கு எந்த எழுத்துக்குறியை இட்டீர்கள் என்பதை அறிந்தால்தான் அதே மரபில் இன்னொரு சுவடியை எடுப்பவர் உங்கள் வரிகளைத் தம் வரிகளோடு கலந்து பயிற்சி தர முடியும்.